இருபது நிமிட ஊர்

அன்புள்ள அண்ணன்,

நான் மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதிக்காரன். சில வருடங்கள் நியூயோர்க் நகரத்தில் இருந்துவிட்டு இப்போது அதே மாநிலத்தில் உள்ள பஃபலோவுக்குக் குடிவந்திருக்கிறேன். அங்கே வேலைக்குப் போய்ச் சேரவே ஒன்றரை மணித்தியாலம் சப்வேயில் தொங்கிக்கொண்டு நிற்பேன். இங்கே காரை எடுத்தால் பன்னிரண்டு நிமிடம். எங்கே போவதென்றாலும் இருபது நிமிடம்தான் என்று இந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். போன ஆவணியில் மட்டக்களப்புக்கு வந்தபோது மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து வீட்டுக்குப் போவதற்குள், காத்தான்குடியில் மட்டும் அரை மணித்தியாலம் போய்விட்டது. இத்தனை சின்ன ஊரில் ஏன் இந்த நெரிசல்? நம்மவர்களும் இப்படி அகலமாக வீதி போட்டால் என்ன? அடுத்த வருடம் அம்மாவையும் கூப்பிடும் எண்ணத்தில் புறநகரில் ஒரு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கே., பஃபலோ

அன்புள்ள தம்பி,

பன்னிரண்டு நிமிடம் என்று படித்ததும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. சப்வேயில் தொங்கிய ஆளுக்கு இது பெரிய நிம்மதி, நன்றாக அனுபவியுங்கள். ஆனால் அந்தச் சுகத்துக்குக் காரணம் வீதியின் அகலம்தான் என்று நீங்கள் முடிவுகட்டியதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய கார்களில் பாதி அங்கே இல்லை. அவற்றை ஓட்டியிருக்க வேண்டியவர்கள் எப்போது, எங்கே போனார்கள் என்று பார்க்க வேண்டும்.

1825இல் ஈரி கால்வாய் திறந்த நாளிலிருந்து பஃபலோ ஏறுமுகம்தான். மேற்கே விளைந்த கோதுமை எல்லாம் ஏரி வழியாக வந்து அங்கே இறங்கி, கால்வாய் வழியாக நியூயோர்க் போனது. கரையோரம் இன்றும் நிற்கிற அந்த ராட்சதத் தானியக் கோபுரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கத்து லக்கவானாவில் பெத்லஹெம் உருக்காலை. 1950இல் நகரத்தின் சனத்தொகை 580,000. 1959இல் சென் லோரன்ஸ் நீர்வழி திறந்தது. கப்பல்கள் பஃபலோவில் நிற்காமலே கடலுக்குப் போகத் தொடங்கின. 1980களின் தொடக்கத்தில் உருக்காலையும் பெரும்பாலும் மூடப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் மிச்சம் 278,000 பேர். அதுகூட அதற்கு முந்திய பத்து வருடத்தில் கொஞ்சம் கூடி வந்த எண்ணிக்கை. வீட்டு விலை மலிவென்று உங்களைப் போலவே நியூயோர்க்கிலிருந்து வந்த வங்காளதேசத்தவர்களுக்கும், பர்மா அகதிகளுக்கும் அதில் பங்குண்டு.

வீதிகளோ, ஊர் இன்னும் பெருக்கும் என்று நம்பிய காலத்தில் திட்டமிட்டவை. ஐந்நூறு பேருக்குப் பந்தல் போட்டு இருநூறு பேர் வந்த கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு வரிசை இருக்காது, பாருங்கள், அந்த மாதிரி. பந்தல்காரனுக்குக் கொடுக்க வேண்டிய காசு மட்டும் குறையாது. பனி தள்ளவும், குழி அடைக்கவும், விளக்குப் போடவும் வீதியின் நீளம் அதேதான். வரி கட்டுகிறவர்கள்தான் பாதி. போனவர்களிலும் கணிசமானோர் தொலைவுக்குப் போகவில்லை. பக்கத்துப் புறநகர்களுக்குப் போனார்கள், வரியையும் கையோடு கொண்டுபோனார்கள். இப்போது காலையில் வந்து மாலையில் திரும்புகிறார்கள்.

நீங்கள் கென்சிங்டன் விரைவுவீதியில்தான் வேலைக்குப் போகிறீர்களோ தெரியாது. அப்படியானால் ஒருநாள் வேகத்தைக் குறைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். பள்ளம் தோண்டி இறக்கிய வீதி அது. அந்தப் பள்ளத்தின் ஒரு நீளத்துக்கு முன்பு ஹம்போல்ட் பார்க்வே என்ற சாலை இருந்தது. நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட் போட்ட சாலை. நடுவில் புல்வெளி, வரிசை வரிசையாக மரம், இரண்டு கரையிலும் வீடுகள். 1960களில் மரத்தை வெட்டி, சாலையைத் தோண்டி, புறநகர்க் கார்கள் நகர மையத்துக்கு விரைவாகப் போக வழி செய்தார்கள். கறுப்பின மக்களின் குடியிருப்பு நடுவால் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பக்கம் இன்றும் கார் இல்லாத வீடுகள் அதிகம். அங்கே ஜெபர்சன் அவெனியூவில் உள்ள சுப்பர் மார்க்கெட்டில் 2022 மே மாதம் ஒரு வெள்ளை இனவெறியன் பத்துப் பேரைச் சுட்டுக்கொன்ற செய்தி நினைவிருக்கும். அதன் பிறகு கடை இரண்டு மாதம் மூடிக்கிடந்தது. அந்தப் பகுதிக்கென்று இருந்த பெரிய கடை அது ஒன்றுதான். கார் இல்லாத சனம் மரக்கறி வாங்க வேறு பகுதிக்கு பஸ் ஏற வேண்டி வந்தது. இருபது நிமிடக் கணக்கு கார்ச் சாவி உள்ளவருக்கு மட்டும் போட்ட கணக்கு.

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம். வெறும் வீதி நமக்குப் புதிதா, தம்பி? சண்டைக் காலத்தில் பொழுதுபட்டால், மட்டக்களப்பு நகரத்திலிருந்து வாவியைக் கடந்து காத்தான்குடிப் பக்கம் போகிற கல்லடிப் பாலத்தில் ஈ காக்கை இருக்காது. எந்த நெரிசலும் இல்லை, சோதனைச் சாவடியில் இறங்கி நடக்கிற வரிசையைத் தவிர. அப்புறம் 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது திருமலை வீதியில் நடுக்கோட்டிலேயே சைக்கிள் மிதித்துப் போனோம். உங்கள் பஃபலோ அன்று எங்களிடம் தோற்றிருக்கும். யாரும் அதைச் சுகம் என்று சொன்னதாக நினைவில்லை.

ஆலை போன ஊரும் நமக்கு இருக்கிறது. வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில், வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கியது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த நாளில் போட்ட அடித்தளம் என்பார்கள். வேலை விடும் நேரம் சைக்கிள் கூட்டத்துக்குள் ஒரு லொறி திரும்ப முடியாது என்று அங்கே வேலை செய்த ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். வைக்கோல் ஏற்றிய வண்டிகள் போன பிறகு வீதியோரத்தில் சிந்திக் கிடப்பதை மேய மாடுகள் வந்து நிற்குமாம். பிறகு சண்டை, நட்டம், மூடல். அண்மையில் திரும்ப இயக்கினார்கள், ஆனால் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஆலைப் பக்கம் இப்போது நீங்கள் தாராளமாகக் கார் ஓட்டலாம்.

காத்தான்குடியின் கதை இதற்கு நேர்மாறு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் துண்டு. நாட்டிலேயே சன நெருக்கம் மிகக் கூடிய ஊர்களில் அது ஒன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் சுற்றி வருகிற ஏ4 நெடுஞ்சாலைதான் அந்த ஊரின் கடைத்தெருவும். அகலப்படுத்துவதென்றால் கடைகளை இடிக்க வேண்டும். இடித்தால் வியாபாரம் போகும். வியாபாரம் போனால் நெரிசலும் போகும்தான். கல்லடிப் பாலத்தை யோசித்துப் பாருங்கள். பழைய லேடி மானிங் பாலத்தில் ஒரு பக்கம் வரும்வரை மறு பக்கம் காத்து நிற்கும். 2013இல் ஜப்பான் உதவியில் புதுப் பாலம் வந்தது, நல்ல பாலம், வேண்டிய பாலம். ஆனால் பாலத்தில் நின்ற வரிசை இப்போது அரசடியிலும் காத்தான்குடியிலும் போய் நிற்கிறது.

என்னைக் கேட்டால் இங்கே குறையாக இருப்பது அகலம் இல்லை, பஸ். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனம் பாதைக்கு, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைக்கு, காத்துக் கிடந்த காலம் முடிந்தது. மோட்டார் சைக்கிள் உள்ளவருக்கு அது முழுதாக முடிந்தது. இல்லாதவர் இருட்டிய பிறகு மட்டக்களப்பிலிருந்து படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலைக்கு பஸ் தேடிப் பார்க்கட்டும். ஆஸ்பத்திரியில் மாலை நோயாளர் பார்க்கும் நேரம் முடிந்து வெளியே வருகிற பெண்கள் வாசலில் நின்று ஓட்டோவுக்கு எத்தனை பேர் சேர்ந்தால் கட்டும் என்று கணக்குப் பார்ப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். அவர்களுக்கு நாலு வழி வீதியால் ஆவது ஒன்றுமில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு பஸ் போதும்.

வீட்டு விஷயம். உங்கள் அம்மா அங்கே வந்து கார் ஓட்டப் பழகப் போவதில்லை. ஆரையம்பதியில் நினைத்த நேரம் கோயிலுக்கும் சந்தைக்கும் போய் வந்த மனிசி, புறநகர் வீட்டில் நீங்கள் வேலையால் வரும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பஃபலோவில் மெட்ரோ ரயில் ஒன்று உண்டு; ஏரிக்கரைப் பக்கமிருந்து மெயின் ஸ்ட்ரீட் வழியாகப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம் வரை, ஏறத்தாழ பத்து கிலோமீற்றர். அதற்கு அப்பால் புறநகருக்கு நீட்டுவதாக இருந்தது, இன்னும் நீட்டவில்லை. அந்தப் பாதையில் ஒரு நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு பாருங்கள். வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. கையெழுத்து வைப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை விட்டுவிட்டு, அந்த வீட்டிலிருந்து மரக்கறிக் கடைக்குப் போய் வந்து பாருங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்