வலி இல்லாத பல்லுக்கு எதற்கு ரூட் கெனால்?

கேள்வி: என் வயது 47. இரண்டு வருடத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று தூங்க விடாமல் வலித்தது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. இப்போது வேறு பல்லுக்காக எக்ஸ்ரே எடுத்தபோது, அந்தப் பழைய பல்லின் வேர் நுனியில் எலும்பு கரைந்திருப்பதாகச் சொல்லி ரூட் கெனால் செய்யச் சொல்கிறார் டாக்டர். எனக்கு வலியே இல்லை. ஈறில் எப்போதாவது சின்னப் பரு வந்து உடையும், அவ்வளவுதான். இன்னொரு முறை மாத்திரை சாப்பிட்டால் போதாதா?

பதில்: போதாது. உங்கள் டாக்டர் சொல்வது சரிதான். நீங்கள் 'அவ்வளவுதான்' என்று ஒதுக்கிவிட்ட பருதான் உங்கள் கடிதத்தில் முக்கியமான தகவல்.

அன்று வலித்தது பல்லுக்குள் இருக்கும் கூழ். நரம்பும் ரத்தக் குழாயும் அதில்தான் ஓடுகின்றன. சொத்தை வழியாக பாக்டீரியா புகுந்ததும் அது வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அந்த அழுத்தம்தான் உங்களைத் தூங்க விடவில்லை. பிறகு கூழ் செத்துப்போகும், அதோடு நரம்பும். மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அந்த வலி நின்றிருக்கும்.

செத்த கூழில் ரத்த ஓட்டம் கிடையாது. வெள்ளை அணுக்களும் சரி, ஆன்டிபயாடிக்கும் சரி, ரத்தத்தோடுதான் வர வேண்டும். அதனால் வேர்க் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியாவை எதுவும் தொடுவதில்லை. அவற்றின் நச்சு வேர் நுனியில் உள்ள துளை வழியாகத் தாடை எலும்புக்குள் கசிந்துகொண்டே இருக்கும்.

எலும்பைத் தின்பது பாக்டீரியா என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதைச் செய்வது நம் உடம்பேதான். கசிவைத் தடுக்க வேர் நுனியில் குவியும் வெள்ளை அணுக்கள் இன்டர்லூக்கின்-1, புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. இவை ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்பு கரைக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. அந்தச் செல்கள் அமிலத்தைச் சுரந்து எலும்பின் தாதுவைக் கரைக்க, காலியான இடத்தில் அழற்சித் திசு வளர்கிறது. ஒருவகையில் இது தற்காப்புதான். கிருமி மேலும் உள்ளே பரவாமல் இருக்க உடம்பு எலும்பை விட்டுக்கொடுக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிவதற்குள் அந்த இடத்தில் கணிசமான தாது போயிருக்கும்.

இதற்கெல்லாம் மூலம் பாக்டீரியாதான் என்பதை 1965-இல் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளை வைத்துக் காட்டினார்கள். எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்து, கூழ் வெளியே தெரிய அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் செத்து வேரடியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கோ, துளைக்குள் தீனி அடைத்துக்கொண்ட பிறகும், கூழின்மேல் புதிதாகப் பல் திசு வளர்ந்து மூடியது.

பருவுக்கு வருவோம். அது சீழ் தனக்குத்தானே போட்டுக்கொண்ட வடிகால். உள்ளே அழுத்தம் சேராததால்தான் உங்களுக்கு வலியில்லை. அதன் வாய்க்குள் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் ஆன மெல்லிய குச்சியை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தால், அது நேராகக் குற்றவாளி வேரில் போய் நிற்பதைப் பார்க்கலாம். பருவைக் கீறவோ மருந்து தடவவோ வேண்டாம். வேர்க் குழாயைச் சுத்தம் செய்தாலே அது பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

ரூட் கெனாலில் செத்த கூழை எடுத்துவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் குழாயைக் கழுவி, கட்டாபெர்ச்சாவால் அடைப்பார்கள். கடைவாய்ப் பல் என்பதால் மேலே கேப் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கசிவு நின்றதும் பெரும்பாலும் எலும்பு தானாகவே வளரும், ஆனால் நிதானமாக. ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்து ஒப்பிடுவார்கள். முழுதாக நிரம்ப நான்கு வருடம்கூட ஆகலாம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இன்னும் தாமதமாகும், 47 வயதில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வேர் நெடுக விரிசல் விட்டிருந்தால் பெரும்பாலும் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஆன்டிபயாடிக்குக்கும் வேளை உண்டு. முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமமானால் அது வேண்டியிருக்கும். அப்போது போக வேண்டியது மருந்துக்கடைக்கு அல்ல, அன்றே மருத்துவமனைக்கு.