கனெக்‌ஷன் விமானம் தவறினால் யார் பொறுப்பு?

முதல் விமானம் தாமதமாகி, அடுத்ததைப் பிடிக்க முடியாமல் போவதுதான் கனெக்‌ஷன் தவறுவது. இரண்டும் ஒரே முன்பதிவில் இருந்தால், கடைசி ஊர்வரை கொண்டுசேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. வேறு விமானத்தில் இடம் தருவார்கள். தனித்தனியாக வாங்கியிருந்தால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். வாசல்வரை பேசிவிட்ட டாக்சிக்கும், பாதிவழியில் மாறும் இரண்டு பேருந்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

குடும்பத்தில் எல்லோரும் ஒரே முன்பதிவு எண்ணில் இருப்பது ரொம்ப முக்கியம். இல்லையென்றால் மாற்று இடம் ஒதுக்கும்போது அம்மா ஒரு விமானம், பிள்ளை இன்னொன்று என்று ஆகிவிடலாம். ஒருவர் கவுன்டர் வரிசையில் நிற்கும்போதே இன்னொருவர் செயலியில் தேடுங்கள். குழந்தையின் மருந்தும் மாற்றுத்துணியும் கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் செய்த பெட்டி அன்றிரவு கைக்கு வராமல் போகலாம்.

வானிலையால் தாமதம் என்றால் எதுவுமே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். நஷ்டஈடு கிடைக்காமல் போகலாம். ஒரே டிக்கெட் என்றால் மாற்று விமானத்தை அப்போதும் கேளுங்கள்.