பார்ன் குவில்ட்: பலகை, வண்ணம், குடும்பக் கதை

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளின் சுவரில் தொங்கும் 'பார்ன் குவில்ட்' என்னும் பெரிய வண்ணச் சதுரங்களைப் பற்றி, அங்கே வசிக்கும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஒஹையோவின் கிராமச் சாலைகளில் போகும்போது கொட்டகைக்குக் கொட்டகை இந்தச் சதுரங்கள் தெரிகின்றன. இது பழைய வழக்கமா, புதிதா?

பதில்: துணித்துண்டுகளை ஒட்டித் தைக்கும் குவில்ட் போர்வை பல தலைமுறைப் பழக்கம். அதன் ஒரு கட்டத்தை மட்டும் எடுத்து, பெரிதாக்கி, பலகையில் வரைந்து கொட்டகையில் மாட்டுவது 2001-இல் தொடங்கியது. ஒஹையோ கலை மன்றத்தில் பணியாற்றிய டோனா சூ குரோவ்ஸ் என்பவரின் யோசனை அது. அவருடைய அம்மா மேக்ஸீன் குரோவ்ஸ் குவில்ட் தைப்பதில் தேர்ந்தவர். ஒஹையோவின் ஆடம்ஸ் கவுன்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) அவர்களுடைய பண்ணையில் புகையிலைக் கொட்டகை ஒன்று இருந்தது. அதன் சுவரில் ஒரு குவில்ட் கட்டம் வரைந்து தருகிறேன் என்று மகள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு பல வருடம் அப்படியே நின்றது. கடைசியில் அந்த ஒரு கொட்டகைக்கான எண்ணம், 20 கட்டங்களைச் சாலை வழியே இணைக்கும் கவுன்டித் திட்டமாக விரிந்தது. முதல் பலகை 'ஒஹையோ ஸ்டார்' என்னும் நட்சத்திர வடிவம்; 2001 அக்டோபரில் லூயிஸ் மவுன்டன் மூலிகைப் பண்ணையில் ஏறியது. குரோவ்ஸ் வீட்டுக் கொட்டகைக்கு 'ஸ்நெயில்ஸ் டிரெயில்' என்னும் வடிவம் அமைந்தது. பிறகு ஐயோவா, கென்டக்கி என்று பரவி, கனடா வரை போய்விட்டது.

பென்சில்வேனியாவின் பெர்க்ஸ், லீஹை கவுன்டிகளில் கொட்டகைப் பலகையிலேயே நேரடியாக வரைந்திருக்கும் வட்ட நட்சத்திரங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை ஜெர்மன் வழிவந்த விவசாயிகளின் 'ஹெக்ஸ் சைன்'கள். மரபு வேறு, காலமும் மிக முந்தியது.

கேள்வி: தப்பி ஓடிய அடிமைகளுக்கு வழிகாட்ட இந்த வடிவங்களை ரகசியக் குறியாகத் தொங்கவிட்டார்கள் என்று ஒரு வழிகாட்டி சொன்னார். உண்மையா?

பதில்: இல்லை. கொட்டகைப் பலகைகளே 2001-க்குப் பிந்தியவை. போர்வைகளைப் பற்றிய 'ரகசியக் குறி'க் கதையும் 1999-இல் வந்த ஒரு புத்தகத்துக்குப் பிறகுதான் ஊரெங்கும் பேச்சானது. அடிமை வாழ்விலிருந்து மீண்டவர்களின் தன்வரலாறுகளிலோ, 1930-களில் பதிவான நேர்காணல்களிலோ அப்படி ஒரு குறிமுறை இருந்ததற்கு வரலாற்றாளர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. அந்தக் கதையில் ரகசியக் குறிகளாகச் சொல்லப்படும் வடிவங்களில் ஒன்றான 'டபுள் வெடிங் ரிங்' வடிவமே 1920-களின் இறுதியில்தான் பரவலானது. தப்பிச் சென்றவர்களின் துணிச்சல் பெரியது. அதற்கு மரியாதை செய்ய விரும்புகிறவர்கள் அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதையே சொல்லலாம். உங்கள் பலகையின் கீழ் இந்தக் கதையை எழுதாதீர்கள்.

கேள்வி: என் கணவர் ஐயோவாக்காரர். அவருடைய கொள்ளுப்பாட்டி தைத்த குவில்ட் எங்களிடம் இருக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தது என்று மாமியார் சொல்கிறார். அதையே பலகையில் வரைய ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: பெயின்ட் வாங்குவதற்கு முன் போர்வையை விரித்து, பகல் வெளிச்சத்தில் நேராக மேலிருந்து படம் எடுங்கள். பிறகு துணியைப் பாருங்கள். வெளிர் பச்சை, வெளிர் ரோஜா, சின்னச் சின்னப் பூப்போட்ட துணிகள் நிறைய இருந்தால் அது பெரும்பாலும் 1930-களைச் சேர்ந்தது; உள்நாட்டுப் போர் நடந்த 1860-களாக இருக்க வாய்ப்பில்லை. துணியில் எங்காவது வரிசையாக ஊசித்துளைகள் தெரிகின்றனவா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தெரிந்தால் அது பெரும்பாலும் தீவனமோ மாவோ வந்த சாக்குத்துணி. சாக்கின் சங்கிலித் தையலைப் பிரித்த தடம் அது. 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் அந்தச் சாக்கைப் பிரித்துத் துவைத்துப் போர்வையாக்கிய கை உங்கள் வீட்டுக் கொள்ளுப்பாட்டியின் கை என்றால், போர்க்காலக் கதையைவிட அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

மாமியார் சொன்னதைத் தூக்கி எறியவும் வேண்டாம். "குடும்பத்தில் சொல்லப்படுவது" என்று ஒரு வரி, "துணி காட்டுவது" என்று ஒரு வரி, இரண்டையும் எழுதுங்கள். சில வேளை வடிவம் மூத்த தலைமுறையுடையதாக இருக்கும்; கிழிந்த பழைய போர்வையைப் பார்த்து அடுத்தவர் புதிதாகத் தைத்திருப்பார். அப்போது இரண்டு பேச்சும் சரிதான்.

வடிவத்தின் பெயரை அச்சுப் பட்டியலில் தேடுவதற்கு முன் வீட்டில் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேளுங்கள். 'சர்ன் டேஷ்' என்று ஒரு வீட்டில் சொல்வதை இன்னொரு வீட்டில் 'மங்கி ரெஞ்ச்' என்பார்கள், வேறொரு வீட்டில் 'ஹோல் இன் த பார்ன் டோர்' என்பார்கள். உங்கள் பலகையில் உங்கள் வீட்டுப் பெயர்தான் வர வேண்டும். வண்ணமும் அப்படியே: வெளுத்துப்போன மேற்புறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். தையல் மடிப்புக்குள் வெயில் படாத இடத்தில் பழைய நிறம் இருக்கும்.

கேள்வி: என்ன அளவில் செய்வது? வடிவத்தைப் பெரிதாக்கும்போது கணக்கு உதைக்கிறது.

பதில்: சாலையிலிருந்து பார்க்கிற கொட்டகைக்கு 8 அடிக்கு 8 அடி என்பதே வழக்கம். தோட்டக் கொட்டிலுக்கோ வேலிக்கோ 4 அடி, வீட்டு முகப்புக்கு 2 அடி போதும்.

கணக்கு உதைப்பதற்குக் காரணம், வடிவம் எத்தனை சிறு கட்டங்களாகப் பிரிகிறது என்று பாராமல் 96 அங்குலத்தை அப்படியே வகுப்பது. விளிம்புப் பட்டையை வைத்து அதைச் சரிக்கட்டிவிடலாம். 'ஒஹையோ ஸ்டார்' 3-க்கு 3 கட்டம்: சுற்றிலும் 3 அங்குலப் பட்டை விட்டால் 90 மிஞ்சும், கட்டத்துக்கு 30. 'பேர்ஸ் பா' 7-க்கு 7: பட்டை இரண்டரை அங்குலம் விட்டால் 91, கட்டத்துக்கு 13. 'சாடூத் ஸ்டார்' 4-க்கு 4; பட்டையே இல்லாமல் 24 வந்துவிடும். 4 அடிப் பலகையில் 'ஒஹையோ ஸ்டார்' என்றால் ஒன்றரை அங்குலப் பட்டை, 15 அங்குலக் கட்டம்.

8 அடிப் பலகையில் 6 அங்குலத்துக்குக் குறைந்த துண்டுகள் தூரத்தில் கலங்கிவிடும். போர்வையில் நூறு துண்டு இருந்தாலும், திரும்பத் திரும்ப வரும் வடிவத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். 'டபுள் வெடிங் ரிங்' போன்ற வளைவு வடிவங்கள் முதல் பலகைக்கு வேண்டாம். நிறம் பூசும்போது ஓரம் மறைக்க ஒட்டும் டேப் வளைவில் சுருங்கித் தூக்கிக்கொள்ளும்.

கோடு போடுமுன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 96 அங்குலச் சதுரத்துக்கு இரண்டுமே ஏறத்தாழ 135¾ அங்குலம் வர வேண்டும். கால் அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் நட்சத்திரத்தின் முனைகள் ஒன்றோடொன்று சேராது. மூலைமட்டத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: சாதாரண பிளைவுட்டில் செய்தோம். இரண்டு குளிர்காலத்தில் கீழ் விளிம்பு உப்பி, பெயின்ட் பொரிந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: விளிம்பில். பலகையின் முகத்தில் விழும் மழை வழிந்து ஓடிவிடும். வெட்டிய விளிம்பில் மரநாரின் வாய் திறந்திருக்கிறது. அங்கே நின்ற நீரை அது உறிஞ்சிக்கொள்ளும், பனிக்காலத்தில் அந்த நீர் உறைந்து அடுக்குகளைப் பிரிக்கும்.

விளம்பரப் பலகைகளுக்கு வாங்கும் எம்.டி.ஓ. பிளைவுட்டை அரை அங்குலக் கனத்தில் வாங்குங்கள். அதன் முகத்தில் பிசின் ஊட்டிய தாள் ஒட்டியிருப்பதால் நார் மேலெழும்பாது. 4-க்கு 8 அடி ஷீட் இரண்டு வேண்டும். ஒன்று ஏறத்தாழ 45 முதல் 50 பவுண்டு வரை இருக்கும். விளிம்புகளை உப்புத்தாளால் மழுக்கி, வெளிப்புற பிரைமர் (அடிப்பூச்சு) 3 கோட் கொடுங்கள். முகத்துக்கும் முதுகுக்கும் 2 கோட். முதுகை விட்டுவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும். இரு பக்கமும் சேர்த்து 128 சதுர அடி, 2 கோட்டுக்கு 256. ஒரு காலன் பிரைமர் ஒரு கோட்டுக்கு 350 முதல் 400 சதுர அடி பிடிக்கும் என்பதால் ஒரு காலன் போதும்.

வண்ணத்துக்கு 100% அக்ரிலிக் எக்ஸ்டீரியர் பெயின்ட், 3 கோட். மேலே சொன்ன 'ஒஹையோ ஸ்டார்' கணக்கில் பின்னணி நிறம் (நடுக்கட்டத்தை ஒட்டிய உள் முக்கோணங்களுக்கு வேறு நிறம் என்றால்) 31¼ சதுர அடி, நட்சத்திர முனைகள் 12½ சதுர அடி. ஆக முனைகளுக்கு ஒரு குவார்ட் (கால் காலன்) தாராளம். பின்னணிக்கு 2 குவார்ட் வாங்குங்கள். சிவப்பும் மஞ்சளும் எளிதில் மூடாது. சிவப்புக்கு அடியில் சாம்பல் நிற பிரைமர் கொடுத்தால் ஒரு கோட் மிச்சமாகும். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அடிக்காதீர்கள், பனி இறங்கும் மாலையிலும் வேண்டாம்.

எடை குறைய வேண்டுமென்றால் 3 மில்லிமீட்டர் அலுமினியக் கூட்டுத் தகடு உண்டு. அழுகாது, ஷீட் 25 பவுண்டுதான். ஆனால் மேற்பரப்பை உப்புத்தாளால் கீறி, ஒட்டும் பிரைமர் போடாவிட்டால் பெயின்ட் தோலாக உரியும். 90 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்ப மாற்றத்தில் 8 அடித் தகடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். அதனால் ஸ்க்ரூ துளைகளைப் பெரிதாகப் போட்டு வாஷர் வையுங்கள்.

கேள்வி: டேப்பை எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும் அடியில் நிறம் கசிகிறது.

பதில்: டேப்பின் ஓரத்தில், அடியில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தையே ஒரு தடவை மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். கசிந்தால் அந்த நிறம்தான் கசியும், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் புதிய நிறத்தை அடித்தால் கோடு கத்தியால் வெட்டியதுபோல் வரும். கடைசிக் கோட் இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக மடக்கி மெதுவாக உரியுங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டால் பெயின்ட்டும் சேர்ந்து கிழியும். அப்போது ஓரத்தைக் கத்தியால் கீறிவிட்டு உரிக்க வேண்டும்.

பலகை முழுவதும் வெளிர் நிறத்தை முதலில் அடித்து, அதன்மேல் பென்சிலால் கோடு போட்டு, வெளிரிலிருந்து அடர்நிறத்துக்குப் போங்கள். முக்கோண முனைகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒரே நாளில் செய்ய முடியாது. ஒன்றுவிட்டு ஒன்று அடியுங்கள். புதிய பெயின்ட்டின் மேல் டேப் ஒட்ட ஒரு நாளாவது காய வேண்டும்.

கேள்வி: எப்படி மாட்டுவது? காற்று பலமான இடம்.

பதில்: எடையைவிடக் காற்றுதான் கவலை. மணிக்கு 60 மைல் வேகக் காற்றுக்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 9.2 பவுண்டு அழுத்தம் உண்டு. 64 சதுர அடிக்கு அது ஏறத்தாழ 590 பவுண்டு. பழைய கொட்டகையின் வெளிப்பலகையில் மட்டும் ஸ்க்ரூ இறக்கினால் பலகையோடு சுவரும் வரும். உள்ளே போய், வெளிப்பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்த உயரத்தில் ஓடுகின்றன என்று அளந்து, வெளியே குறியுங்கள். 2-க்கு 4 அங்குல ரீப்பர்களைச் செங்குத்தாக, 24 அங்குலத்துக்கு ஒன்றாக 5 நிறுத்தி, லேக் ஸ்க்ரூ என்னும் தடித்த மர ஸ்க்ரூவால் அந்தச் சட்டங்களில் பிடியுங்கள். செங்குத்தாக இருந்தால்தான் பின்னால் இறங்கும் நீர் தங்காமல் ஓடும், காற்றும் ஏறும். இரண்டு ஷீட்டும் சேரும் இணைப்பு நடு ரீப்பரின் மேல் வரட்டும். இடையில் ஒரு நூல் (⅛ அங்குலம்) இடைவெளி விட்டால் மரம் உப்பும்போது முட்டாது. துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவே போடுங்கள். இல்லாவிட்டால் நட்சத்திரத்திலிருந்து பழுப்புக் கண்ணீர் வழியும். கீழ் விளிம்பில் அழகுக்காகச் சட்டம் அடிக்காதீர்கள், அது நீருக்குத் தொட்டி கட்டியதாகிவிடும்.

8 அடிப் பலகையை ஏணியில் நின்று தூக்க முயல வேண்டாம். வாளி வைத்த தூக்கு வண்டியை ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: தெற்குச் சுவரில் மாட்டிய பலகையில் சிவப்பு மட்டும் வெளுத்துவிட்டது. மேலே வார்னிஷ் அடித்தால் தப்புமா?

பதில்: வெளுப்பது நிறமியின் குணம். இரும்பு ஆக்சைடு கலந்த கொட்டகைச் சிவப்பு, காவி மஞ்சள், கருப்பு, வெள்ளை இவை நெடுநாள் நிற்கும். பளிச்சென்ற சிவப்பும் ஊதாவும் வெயிலில் முதலில் போகும். வெளிப்புற வார்னிஷை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அது தானே வெயிலில் மஞ்சளாகிப் பொரியும், பிறகு அதை முழுக்கச் சுரண்டாமல் மறுவண்ணம் பூச முடியாது. வெளுத்த துண்டைச் சோப்பு நீரால் கழுவி, உள்ளங்கையால் தேயுங்கள். சுண்ணம்போல் பொடி ஒட்டினால் 220 எண் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, 2 கோட் கொடுங்கள். பலகையைக் கழற்றத் தேவையில்லை.

கேள்வி: கதையை எங்கே எழுதி வைப்பது?

பதில்: இரண்டு இடத்தில். பலகையின் முதுகில், பிரைமர் காய்ந்த பிறகு, எண்ணெய் வகை பெயின்ட் மார்க்கரால்: வீட்டில் வழங்கும் வடிவப் பெயர், தைத்தவர் பெயர், ஊர், தோராயமான வருடம், எந்தத் துணி, இந்தத் தகவலைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், பலகை வரைந்தவர், பெயின்ட்டின் நிற எண்கள். நிற எண்ணைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்; பத்து வருடம் கழித்து ஒரு துண்டை மட்டும் திருத்த வரும்போது தவிப்பார்கள். இதையே ஒரு தாளில் எழுதிப் போர்வையோடு வையுங்கள், ஆனால் தாளைத் துணியில் குத்த வேண்டாம், குண்டூசி துருப்பிடிக்கும். சாலையோரப் பலகையில் உயிரோடிருப்பவர்களின் பெயரைப் போடுமுன் அவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: வினைலில் அச்சடித்து ஒட்டினால் வேலை மிச்சம் இல்லையா?

பதில்: மிச்சம்தான். ஓரம் கிளம்பினாலோ ஒரு நிறம் வெளுத்தாலோ ஒரு துண்டை மட்டும் திருத்த முடியாது, முழுவதையும் உரித்து மாற்ற வேண்டும். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு முக்கோணம் அடிக்க வாய்ப்பும் போய்விடும். 4 அடிப் பலகை ஒன்றில் பெயின்ட்டால் தொடங்குங்கள்; வாரக்கடைசிகளில் மட்டும் செய்தாலும் ஒரு மாதத்துக்குள் முடியும், அதில் பாதி நேரம் காய்வதற்கே போகும்.