மாடி ஏறினால் வருவது கேஸ் இல்லை

(ஜூலையில் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் மகனோடு ஆறு நாள் ராஃப்டிங் (ஆற்றில் படகுப் பயணம்) போகும்போது, வழியில் இறங்கி மலையேறலாமா என்று கேட்டிருக்கிறார் 61 வயதான குரோம்பேட்டை வாசகர்.)

தேள், முழங்கால், தைராய்டு என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி: ‘இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, நின்றால் சரியாகிறது, கேஸ் மாத்திரை போடுகிறேன்.’ உங்களைத் தூங்கவிடாதது இதுதான் இல்லையா?

ஏறும்போது வந்து, நின்றால் சில நிமிடங்களில் அடங்குகிற அடைப்பு, இதயத்துக்கு ரத்தம் போதாததால் வரலாம். பான்டாப்ரசோல் என்ற அந்தக் கேஸ் மாத்திரையை நம்பி நாள் கடத்தாமல் இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். செக்கப்பில் இ.சி.ஜி. நார்மல் என்கிறீர்கள். அது படுத்திருந்தபோது எடுத்தது. ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருந்தாலும் ஓய்வில் நார்மலாகவே வரலாம். அதற்காக நீங்களே லேபுக்குப் போய் டிரெட்மில்லில் ஏறிவிடாதீர்கள், அதை மருத்துவர் சொல்லட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அடைத்தாலோ, 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ உடனே 108.

யூடியூபைப் பார்த்து வாங்கிய டயமாக்ஸைத் திருப்பிக் கொடுங்கள். அது உயரமான மலைகளில் வரும் உபாதைக்கான மாத்திரை. ஆறு ஓடுவதோ ஆயிரம் மீட்டருக்கும் கீழே. போதாததற்கு, சிறுநீரைக் கூட்டி உடம்பை வற்றவைக்கும். தேளுக்குக் காலையில் ஷூவைத் தட்டிப் போட்டால் போதும். முழங்காலுக்கு, இறக்கத்தில் ஊன்றிக்கொள்ள ஒரு குச்சி.

இதய மருத்துவர் சம்மதித்தால் மட்டும் ஏறுங்கள், அதுவும் காலை பத்து மணிக்குள். ‘சென்னை வெயிலையே பார்த்தவன்’ என்ற தைரியம் அங்கே செல்லாது. 40 டிகிரி வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். நீங்கள் பிரஷருக்குப் போடும் குளோர்தாலிடோன் வேறு நீரையும் உப்பையும் வெளியேற்றும். இந்த நிலையில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வாந்தி, குழப்பம் வரும். தண்ணீரோடு உப்புக்கடலை கொறியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவை மருத்துவரிடம் கேளுங்கள். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அணையின் ஆழத்திலிருந்து வரும் ஆற்று நீர் சில்லென்று இருக்கும், குதிக்க வேண்டாம்; சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மலையேற்றம் கட்டாயமில்லை. முதல் நாளே வழிகாட்டியிடம் நோயையும் மருந்துகளையும் எழுதிக் கொடுங்கள். நெஞ்சடைப்புக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் தந்திருந்தால் அது சட்டைப் பையிலேயே இருக்கட்டும், போடும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். பெரிய பையில் வைத்தால், படகில் கட்டிய மூட்டையை மாலை முகாமில்தான் அவிழ்ப்பார்கள்.