நீச்சல் வகுப்பில் சேர்க்கும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகனுக்கு 2 வயது 3 மாதம். ஓர் இடத்தில், ‘பத்தே வகுப்பில் தனியாக நீந்துவான்’ என்கிறார்கள். இன்னோர் இடத்தில், அம்மாவோ அப்பாவோ கூடவே தண்ணீரில் இறங்க வேண்டும் என்கிறார்கள். எதில் சேர்ப்பது?

பதில்: இரண்டாவதில் சேருங்கள். கை, கால், மூச்சு மூன்றும் சேர்ந்து இயங்குகிற முறையான நீச்சல் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 5, 6 வயதை ஒட்டித்தான் கைகூடும். பத்து வகுப்பில் முடித்துத் தருவதாகச் சொல்பவர்கள் கடைசியில் காட்டுவது, குழந்தை மூச்சை அடக்கியபடி மூன்று நான்கு நொடி நீருக்குள் முன்னால் போவதைத்தான். அது நீச்சல் ஆகாது. அடுத்த மூச்சுக்குத் தலையைத் தூக்க அவனுக்குத் தெரிந்திருக்காது.

இந்த வயதில் வேறு சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். சொன்ன பிறகுதான் தண்ணீரில் இறங்குவது, வாயால் குமிழி விடுவது, மல்லாந்து மிதப்பது, விழுந்தால் உடம்பைத் திருப்பி வந்த சுவரையே பிடிப்பது, பிடித்தபின் தானே கரையேறுவது. கரையேறுவதற்கு ஒரு வரிசை உண்டு: ஒரு முழங்கை, மறு முழங்கை, வயிறு, முட்டி. நல்ல பயிற்சியாளர் ஒவ்வொரு வகுப்பிலும் குழந்தையைத் தூக்கி வெளியே விடாமல், இந்த வரிசையில் ஏறவைப்பார். நாம் முதலில் கவனிப்பது இதைத்தான்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர் தண்ணீருக்குள் நிற்கிறாரா? ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர்களுக்கு முதுகைக் காட்டாமல் நிற்கிறாரா? அவரைத் தவிர, கரையில் கண்காணிப்பதை மட்டுமே வேலையாகச் செய்யும் உயிர்காப்பாளர் இருக்கிறாரா? இந்த மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் வேறு இடம் தேடலாம். பெற்றோர் இறங்காத வகுப்பென்றால், ஒரு பயிற்சியாளரிடம் நான்கு குழந்தைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. தன் முறை வராத குழந்தை எங்கே காத்திருக்கிறது என்றும் பாருங்கள். படியில் வரிசையாக உட்காரவைத்துவிட்டு ஒவ்வொருவராக அழைத்துப் போகும் வகுப்பில், அரை மணி நேரத்தில் உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடப் பயிற்சிதான்.

தண்ணீர் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருப்பது நல்லது. போட்டிப் பயிற்சி நடக்கும் குளங்களில் 26, 27 டிகிரிதான் இருக்கும். அங்கே சின்னக் குழந்தை பத்து நிமிடத்தில் உதடு நீலம் பாய்ந்து நடுங்கத் தொடங்கிவிடும். பிறகு எதுவும் மனதில் ஏறாது. வகுப்பு 30 நிமிடம் போதும். வாரம் ஒன்றைவிட இரண்டு வகுப்பு மேல். இடைவெளி நீண்டால் கற்றது நழுவிவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம். தண்ணீரில் நன்றாக விளையாடுகிறாள், மல்லாக்கப் படுக்கவைத்தால் மட்டும் அலறுகிறாள். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம், வழியை மாற்றுங்கள். காது நீரில் அமிழ்ந்ததும் சத்தங்கள் மாறிவிடும். பிடிமானம் இருக்காது, உங்கள் முகமும் தெரியாது. அவள் அலறுவது இயல்புதான்.

உங்கள் தோள் நீர்மட்டத்துக்கு வரும்வரை நீங்கள் தாழ்ந்துகொள்ளுங்கள். அவள் பின்தலையை உங்கள் தோளில் சாய்த்து, கன்னத்தோடு கன்னம் வையுங்கள். மூன்று எண்ணும்வரை போதும், நிமிர்த்திவிடுங்கள். அழாமல் பத்து எண்ண முடிந்த பிறகு, அவள் தோள்பட்டை எலும்புகளுக்கு அடியில் உங்கள் உள்ளங்கைகளை வைத்துத் தாங்குங்கள். பலர் தலையைத் தாங்குவார்கள். தலை உயர்ந்தால் மோவாய் நெஞ்சில் முட்டும், உடனே இடுப்பு கீழே போய்விடும். மோவாய் சற்று மேலே பார்க்க, காது நீருக்குள் இருந்தால் இடுப்பு தானாக மேலே வரும். அவள் பார்வைக்கு நேர் மேலே உங்கள் முகம் இருக்கட்டும். வீட்டில் குளிக்கும்போது பின்தலையில் மெதுவாக நீர் ஊற்றிப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் குழந்தையை நீரில் முக்குகிறார். ‘பயம் போகும்’ என்கிறார். போகுமா?

பதில்: போகாது, கூடும். எதிர்பாராமல் முக்கும்போது குழந்தை மூச்சை உள்ளே இழுக்கிறது, நீரை விழுங்குகிறது. சின்ன உடம்பில் திரும்பத் திரும்ப நிறைய நீர் போனால், ரத்தத்தில் சோடியம் குறைந்து வாந்தி, மந்தம், வலிப்புவரை போகலாம். தயவுசெய்து அந்த வகுப்பைத் தொடராதீர்கள்.

சரியான முறை பொறுமையானது. முதலில் குமிழி. பிறகு ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எப்போதும் ஒரே மாதிரி எண்ணி, தலையில் ஒரு குவளை நீர். ‘மூன்று’ சொல்லும்போதே குழந்தை வாயை மூடுகிறதா என்று பாருங்கள். மூடினால்தான் அடுத்த கட்டம்: அதே எண்ணிக்கையில் ஒரு நொடி முங்குவது, அதுவும் ஒரு வகுப்பில் சில தடவை மட்டும். குளத்திலிருந்து வந்தபின் விடாத இருமல், மூச்சுத் திணறல், தொடர் வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: கையில் மாட்டும் காற்றடைத்த மிதவை வாங்கலாமா?

பதில்: கற்பதற்கு வேண்டாம். அது உடம்பைச் செங்குத்தாக நிறுத்துகிறது. மிதக்கவும் நீந்தவும் உடம்பு படுத்திருக்க வேண்டும். மிதவை இல்லாத நாளிலும் தண்ணீர் தன்னைத் தாங்கும் என்று குழந்தை நம்பிவிடுவது இன்னும் ஆபத்து. படகில் போகும்போது அளவான, தரச்சான்று பெற்ற உயிர்காப்புச் சட்டை போடுங்கள்.

கேள்வி: குளம் சுத்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஆழமான பகுதியின் அடியில் உள்ள வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். மூடி உடைந்திருந்தால் இறங்கவே கூடாது. உறிஞ்சும் விசையில் முடியோ கையோ சிக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி சுத்தத்தின் அடையாளம் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேரும்போதுதான் அந்த நெடி வரும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.0 முதல் 7.8 வரை, குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். அன்றைய அளவைக் கேளுங்கள், சொல்லத் தயங்கமாட்டார்கள். நீச்சல் டயப்பர் மலத்தைக் கொஞ்சம் தாங்கும், கிருமியைத் தாங்காது. வயிற்றுப்போக்கு இருந்தால் வகுப்பு வேண்டாம்.

கேள்வி: வகுப்பு முடித்த குழந்தையைப் பற்றிக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: முறையான வகுப்புக்குப் போன 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம் மூழ்கும் அபாயம் குறைவாக இருந்ததை, அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் ஒரு வயதிலிருந்தே தொடங்கலாம் என்கிறது. ஒரு வயதுக்கு முன் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அபாயம் குறையுமே தவிர, போய்விடாது. மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. ஆகவே நீரில் இருக்கும் நேரமெல்லாம் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். போன் வந்து எழுந்தால், குழந்தையையும் தூக்கிக்கொண்டு எழுங்கள். நீச்சலுடை வெளிர்நீலமாகவோ வெள்ளையாகவோ வேண்டாம், குளத்து நீரில் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் எடுங்கள். கூடவே வீட்டில் ஒருவராவது உயிர்மீட்பு முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். மார்பை அழுத்துவது மட்டும் சொல்லித்தரும் பயிற்சி இதற்குப் போதாது. நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது மூச்சு. வாயில் மூச்சு ஊதுவதும் சேர்ந்திருக்கும் பயிற்சியாகப் பாருங்கள்.