ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்: கேள்வி பதில்

நடுநிலைப் பள்ளியில் 26 வருடம் கணக்கும் அறிவியலும் எடுத்தவள் நான். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், போன வருஷம் வரைக்கும் கை தூக்கிக்கிட்டே இருந்த பொண்ணு, ஏழாம் வகுப்பு வந்ததும் வாயே திறக்க மாட்டேங்குறா. பாடம் புரியலையா?

அவள் நோட்டைப் பாருங்கள். பெரும்பாலும் விடை அதில் சரியாகவே இருக்கும். அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று யோசிக்கும் திறன் இந்த வயதில் வேகமாக வளர்கிறது. கூடவே, எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பும் வந்து ஒட்டிக்கொள்கிறது. டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் இதைக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்ற பொருளில் குறிப்பிட்டார். முகத்தில் ஒரு பரு வந்தால் போதும், வகுப்பே அதைத்தான் பார்க்கிறது என்று பிள்ளைக்குத் தோன்றும்.

அதனால் கேள்வி கேட்ட உடனே ஒருத்தியை எழுப்பி நிறுத்தாதீர்கள். ஒரு நிமிடம் நோட்டில் எழுதட்டும். அடுத்து, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிப் பார்க்கட்டும். அப்புறம் "நீங்க ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?" என்று கேளுங்கள். தப்பாகப் போனாலும் அது ஒருத்தி தலையில் விழாது.

விடைத்தாளை மார்க் வரிசையில் பெயர் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் எனக்கும் இருந்தது. ஒரு முறை கடைசியாக வந்து வாங்கிய பையன் அதற்கப்புறம் நாலு நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். காரணம் நான்தான் என்று அவன் அம்மா வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து தாளைக் கவிழ்த்து அவரவர் இடத்தில் வைத்துவிடுவேன்.

ஆறாம் வகுப்புல இயற்கணிதம் ஆரம்பிச்சாலே பாதிப் பேர் முழிக்கிறாங்க. எக்ஸ்னா என்னன்னு எத்தனை தடவை சொல்றது?

சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தீக்குச்சியைக் கையில் கொடுங்கள். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி. அதை ஒட்டி இன்னொரு சதுரம் வைத்தால் மொத்தம் 7, மூன்றாவதுக்கு 10. "பத்துச் சதுரத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். சிலர் அடுக்கி எண்ணுவார்கள், சிலர் மும்மூன்றாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு "நூறு சதுரத்துக்கு?" என்று கேளுங்கள். அவ்வளவு குச்சி கையில் இல்லை. அங்கேதான் யாராவது ஒரு பிள்ளை, "மூணால பெருக்கி ஒண்ணு கூட்டணும் டீச்சர்" என்பாள். எத்தனை சதுரம் என்று தெரியாதபோதும் அந்த விதி நிற்கிறது இல்லையா, எக்ஸ் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

கண்ணால் பார்க்காததை வைத்து யோசிக்கும் திறன் 11, 12 வயதில் தொடங்குகிறது என்றார் சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் ழான் பியாஜே. தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். ஒரே பெஞ்சில் இருக்கும் இரண்டு பேருக்கு அது ஒரே நாளில் வராது. ஒரே பிள்ளைக்கும் கணக்கில் ஒரு நேரம், அறிவியலில் ஒரு நேரம் வரும். குச்சி இன்னும் தேவைப்படுகிற பிள்ளையை மக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

ஏழாம் வகுப்புப் பொண்ணுங்க பி.டி. பீரியட்ல மரத்தடியில உட்கார்ந்துடறாங்க. சில பையன்களும் ஒதுங்கறாங்க சார் சொல்லியும்.

பெண்களுக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14-க்குள்ளும் தொடங்குவது இயல்பு. உயரம் வேகமாகக் கூடுவது பெண்களுக்குச் சுமார் 12 வயதில், பையன்களுக்குச் சுமார் 14-இல். ஒரே வகுப்பில் பெரிய மனுஷி மாதிரி ஒருத்தியும் சின்னப் பிள்ளை மாதிரி ஒருத்தனும் இருப்பது அதனால்தான். ஓடினால் பார்ப்பார்களே என்று அவளுக்குக் கூச்சம், குள்ளன் என்பார்களே என்று அவனுக்கு. உயர வரிசையில் நிற்க வைப்பதை முதலில் விடுங்கள். மாதவிலக்கு நாளில் காரணம் கேட்காமல் உட்கார விடுங்கள். கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் சரியானதுமே விளையாட வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா, என் பையனுக்கு 13 வயசு. ராத்திரி 11 ஆனாலும் தூங்க மாட்டான், காலைல எழுப்பினா சண்டை. 5:30-க்கு டியூஷன் வேற.

முழுக்கச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள் தங்கச்சி. தூக்கத்துக்கு அறிகுறி காட்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் இந்தப் பருவத்தில் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. அவனுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்வயதினரின் பள்ளி காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இல் பரிந்துரைத்ததும் இதற்காகத்தான். நம்மால் மாற்ற முடிந்தது டியூஷன் நேரம், அதை மாலைக்கு மாற்றுங்கள். போனை ராத்திரி உங்கள் அறையில் வையுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.

தனியா கேட்டா தங்கமான பையன். நாலு பேர் சேர்ந்தா ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறான். எது நிஜம்?

இரண்டும் நிஜம். 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது கூடுதலாக ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கூட்டத்தின் முன் அவனைக் கண்டிக்காதீர்கள், கூட்டத்துக்காகவே எதிர்த்துப் பேசுவான். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதே நாலு பேரிடம் சத்துணவு வரிசையையோ விதைப் பாத்தியையோ ஒப்படைத்துப் பாருங்கள்.

ரெண்டு தட்டு தட்டாம இந்தக் காலத்துப் பசங்களை எப்படி அடக்கறது?

அடிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான்.

ஏழாம் வகுப்புப் பையன், தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். ரெண்டாம் வகுப்புப் புத்தகம் குடுத்தேன், தூக்கிப் போட்டுட்டான்.

நானும் தூக்கிப் போட்டிருப்பேன். அவனுக்குப் படிப்பில்தான் ஏழு வயது, மனசுக்குப் பன்னிரண்டு. அணிலும் ஆடும் வேண்டாம். கிரிக்கெட் செய்தியின் நாலு வரி, பஸ் பலகை, அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதித் தந்த அவன் கதை, இவற்றைக் கொடுங்கள். மதியம் பத்து நிமிடம், யாரும் இல்லாத இடத்தில் படிக்கட்டும்.

அந்த ரெண்டாம் வகுப்புப் புத்தகத்தையும் வீணாக்க வேண்டாம். "சின்னப் பசங்களுக்குக் கதை வாசிச்சுக் காட்ட ஆள் வேணும், வர்றியா?" என்று கேளுங்கள். என்னிடம் ஒருவன் அதற்காக முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து அதே பக்கத்தை ஐந்து தடவை படித்துவிட்டு வந்தான்.