எல்லை அரசியலில் டிஜிட்டல் கலையால் எதையாவது செய்ய முடிந்திருக்கிறதா?

எல்லை அரசியலைப் பேசும் டிஜிட்டல் கலை, பார்ப்பவர் மனத்தை உருக்குவதற்கு மேல் எதையாவது செய்ததுண்டா என்ற கேள்விக்கு, அமெரிக்க–மெக்சிகோ எல்லையை முன்வைத்து உருவான ‘டிரான்ஸ்பார்டர் இமிகிரன்ட் டூல்’ (எல்லை கடக்கும் புலம்பெயர்வோருக்கான கருவி) என்ற படைப்பையே முதலில் சுட்டுவேன். 1994இல் அமெரிக்க அரசு தொடங்கிய ‘ஆபரேஷன் கேட்கீப்பர்’ என்ற எல்லைக் காவல் நடவடிக்கை சான் டியேகோ பக்கத்து வழிகளை அடைத்து, புலம்பெயர்வோரை மலைக்கும் பாலைவனத்துக்கும் தள்ளியது. வெயிலிலும் தாகத்திலும் பலர் அங்கே மாண்டனர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் கலைஞரும் பேராசிரியருமான ரிக்கார்டோ டொமிங்கெஸின் குழுவினர், மலிவான மோட்டரோலா கைப்பேசியில் இருந்த ஜி.பி.எஸ். வசதியைப் பயன்படுத்தி, தன்னார்வலர்கள் பாலைவனத்தில் வைத்துவரும் தண்ணீர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத் திசைகாட்டி போலத் திரையில் காட்டும் மென்பொருளை எழுதினார்கள். கவிஞர் ஏமி சாரா கரோல் எழுதிய கவிதைகளும் அதில் ஒலிக்கும். அவற்றுள் பல, பாலையில் உயிர்பிழைக்கும் வழிகளைத்தான் சொல்கின்றன. உதவியையும் கவிதையையும் பிரிக்க முடியாத இந்தச் சேர்க்கையே அதைக் கலையாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து. எல்லையைக் கடப்போர் கைகளுக்கு அது பரவலாகச் சென்று சேரவில்லை. ஆயினும் 2010இல் பல்கலைக்கழகமும் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும் அதை விசாரித்தன. குழுவினர்மீது குற்றவழக்கு எதுவும் தொடரப்படவில்லை, டொமிங்கெஸும் பேராசிரியர் பணியில் நீடித்தார்.